வெளியே பூட்டு, உள்ளே ஆள்

எங்கள் ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டால் பஞ்சாயத்துத் தலைவர் ஓர் எண் சொல்வார். ரேஷன் கடைக்காரர் வேறொன்று சொல்வார். வாக்காளர் பட்டியல் வைத்திருக்கும் பள்ளிக்கூட வாத்தியார் மூன்றாவதாக ஒன்று சொல்வார். என்னைக் கேட்டால் நான் அண்ணாந்து தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பேன்.

தொட்டியின் வெளிச்சுவரில் மேலிருந்து கீழாக அளவுக்கோடுகள் போட்டிருக்கும். உள்ளே ஒரு மிதவை. அதோடு கம்பியில் கட்டிய இரும்புத் துண்டு ஒன்று வெளியே தொங்கும். உள்ளே தண்ணீர் இறங்க இறங்க வெளியே இரும்பு ஏறும். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், காலையில் திறந்து வைத்தால் பொழுது சாயும்போதும் இரும்பு பாதியில்தான் நிற்கும். பிறகு அரை நாளில் உச்சிக்குப் போனது. அப்புறம் இரண்டு மணி நேரத்தில் போக ஆரம்பித்தது. ஒரு குடும்பத்தில் பிள்ளை பிறந்தால் இப்படி ஏறாது. பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்கினால்தான் ஏறும்.

பேப்பரில் என் வேலைக்கு டேங்க் ஆபரேட்டர் என்று போட்டிருக்கும். ஊரில் என் பெயர் ‘தண்ணி வுடுற அம்மா’. என் வீட்டுக்காரர்தான் முதலில் பார்த்தார். அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு ஏணி ஏற முடியாமல் போனதும் நான் ஏறினேன். மோட்டாரைப் போடுவது, தொட்டியை நிரப்புவது, ஒவ்வொரு தெரு வால்வையும் ஆளுயர இரும்புச் சாவியால் திருகித் திறப்பது, மூடுவது. அவ்வளவுதான் வேலை. கூடவே திட்டுவதும் உண்டு. அது சம்பளத்தில் வராது, இலவசமாகச் செய்கிறேன். குழாயைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். செம்பரம்பாக்கம் ஏரி இங்கிருந்து அதிக தூரமில்லை. அந்தத் தண்ணீர் எங்களுக்கு இல்லை, பட்டணத்துக்கு. எங்களுக்கு இருப்பது இரண்டு போர்வெல்லும் ஒரு தொட்டியும்.

ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து உள்ளே வந்தால் எங்கள் ஊர். முன்பு ஊர் ஏரிக்கரைப் பக்கம் வேர்க்கடலை போட்டிருந்த நிலத்தில் இப்போது புதுத்தெரு இருக்கிறது. அந்த நிலத்தில் நானும் கடலை பிடுங்கியிருக்கிறேன். அந்த வெயிலும் முதுகுவலியும் போனதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. இப்போது அங்கே எதிரெதிராக லைன் வீடுகள், பதினாறு அறைகள். என் கொழுந்தனுக்கே அதில் நான்கு. அறைக்கு ஒரு கதவு, தெருப்பக்கம் ஒரு ஜன்னல், எல்லாருக்கும் பொதுவாகத் தெருக்குழாய்கள்.

அந்த அறைகளில் வந்து இறங்கியவர்கள் எல்லாம் ஒரகடம் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த பெண்கள். தென்காசி, இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர். திங்கட்கிழமை விடியலில் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு வந்து இறங்குவார்கள். தோளில் ஒரு பை, கையில் ஒரு கட்டைப்பை, அதிலிருந்து எட்டிப் பார்க்கும் ஊறுகாய் பாட்டில். ‘எந்த ஊரும்மா?’ என்று கேட்டால் பட்டென்று சொந்த ஊரைச் சொல்வார்கள். ஒருத்தியும் இந்த ஊர் என்று சொன்னதில்லை. பத்தொன்பது வயசுப் பெண், பாஷை வேறு மாதிரி இருக்கிற ஊரில், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாமல் இறங்கி, அன்று மதியமே வேலைக்குப் போய்விடுகிறாள். அந்த வயதில் நான் குன்றத்தூர் கோவிலுக்குப் போகக்கூட இரண்டு பேரைத் துணைக்கு அழைத்தவள். ஆனாலும் முதல் வருஷம் அவர்களை எனக்குப் பிடிக்கவில்லை. காரணம், குழாய்.

அப்போதெல்லாம் நான் தண்ணீர் விட்டது காலை ஆறு மணியிலிருந்து ஏழரை வரை. ஊர் எழுந்து வாசல் தெளிக்கிற நேரம். நாள் முழுக்க விட்டால் தொட்டி தாங்காது என்று வைத்துக்கொண்ட நேரம் அது. பழைய தெருக்களில் குடமும் வாளியுமாகக் கூட்டம் நிற்கும். புதுத்தெருவுக்குப் போனால் பதினாறு கதவிலும் வெளியே பூட்டு. குழாய்கள் மட்டும் திறந்த வாயோடு கொட்டிக்கொண்டிருக்கும். ஒரு நாள் பார்த்தேன், இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள், ‘யாருமே இல்லாத தெருவுக்கு எதுக்குத் தண்ணி?’ என்று வால்வை இறுக்கி மூடிவிட்டு வந்தேன். அதோடு விட்டேனா? பஞ்சாயத்து ஆபீசில் வீட்டு இணைப்புப் பட்டியல் கேட்டிருந்தார்கள். புதுத்தெருவுக்கு நேராக, பூட்டிய வீடு, பூட்டிய வீடு என்று பதினாறு தடவை என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்.

மூன்று நாள் கழித்து, மத்தியானம் மூன்று மணி வாக்கில் மோட்டார் அறை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். நீலச் சட்டை யூனிபார்ம், கழுத்தில் அடையாள அட்டை, கையில் இரண்டு தண்ணீர் பாட்டில். தென்காசிப் பக்கத்துப் பெண். இருபத்திரண்டு வயசு இருக்கும்.

“யக்கா, எங்க தெருவுக்கு மூணு நாளா தண்ணி வரலையே.”

என் வாய் சும்மா இருக்குமா? “காலி வூட்டுக்கு எதுக்குடி தண்ணி? கதவுல பூட்டு தொங்கிகினு கீது, குழா பாட்டுக்குக் கொட்டிகினு கீது. உங்க அப்பன் வூட்டுத் தண்ணியா?”

அவள் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. “ஒரு நிமிஷம் வந்து பாருங்கக்கா” என்றாள். சண்டைக்குத் தயாராகவே அவளோடு நடந்தேன். தெருவில் வழக்கம்போல் பூட்டுகள். முதல் அறை ஜன்னலருகே போய், உதட்டில் விரலை வைத்துவிட்டு உள்ளே காட்டினாள்.

எட்டிப் பார்த்தேன். பாயில் இரண்டு பெண்கள், முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். வெளியே பூட்டு, உள்ளே ஆள். அடுத்த ஜன்னல், அதற்கடுத்த ஜன்னல். எல்லாவற்றிலும் அப்படித்தான்.

“இன்னாடி இது, புள்ளைங்கள வச்சிப் பூட்டி வச்சிகீறீங்க?”

“நாங்களேதான்க்கா பூட்டிக்கிடுதோம்” என்று சிரித்தாள். பிறகு மெல்லிய குரலில் விளக்கினாள். ஒரு அறையில் ஆறு பேர். இரண்டு பேர் காலை ஆறு மணி ஷிப்ட், இரண்டு பேர் மதியம் இரண்டு, இரண்டு பேர் ராத்திரி பத்து. எப்போதும் யாராவது தூங்குவார்கள். ராத்திரி ஷிப்ட் முடிந்து ஏழு மணிக்கு மேல் வருகிறவர்கள்தான் கடைசி நேரத்தில் தண்ணீர் பிடித்து வைப்பார்கள். உள்ளே தாழ்ப்பாள் போட்டால் வருகிறவர்களுக்கெல்லாம் தூங்குகிறவள் எழுந்து வந்து திறக்க வேண்டும். சும்மா சாத்தி வைத்தால் புடவை விற்கிறவன், சீட்டுப் பிடிக்கிறவன், வேலையில்லாதவன் எல்லாம் தட்டுவான். வெளியே பூட்டு தொங்கினால் ஒரு பயல் தட்டமாட்டான். ஒரு சாவி ஜன்னலோரம் உள்ளே இருக்கும், மற்றது போனவர்களிடம். “பூட்டுதான்க்கா எங்களுக்குத் தூக்கம்” என்றாள்.

“அப்போ மூணு நாளா தண்ணிக்கு இன்னா பண்ணீங்க?”

கையிலிருந்த பாட்டில்களைத் தூக்கிக் காட்டினாள். கம்பெனி கேன்டீனில் ஆளுக்கு இரண்டு பாட்டில் பிடித்து வந்து அதில் சோறாக்கியிருக்கிறார்கள். “குளிக்க?” என்று நான் கேட்டதும் அவள் குனிந்து பாட்டில் மூடியை இறுக்கித் திருகினாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தண்ணீர் விடுகிறவள் என்று பேர் வைத்துக்கொண்டு, தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளின் தண்ணீரை அடைத்துவிட்டு, அதை ஏதோ சாமர்த்தியம் என்று வீட்டுக்காரரிடம் வேறு பீற்றிக்கொண்டிருந்தேன். நேராகப் போய் வால்வைத் திறந்தேன்.

மறுநாள் அவள் அறைக்குள் போனேன். சுவரில் ஒரு பெரிய அட்டை. ஆறு பெயர்கள், ஏழு நாட்கள், கட்டம் கட்டமாக வண்ணம். நீலம் என்றால் வேலை, பச்சை என்றால் தூக்கம், மஞ்சள் சமையல், சிவப்பு சாவிப் பொறுப்பு. ஒருத்தி எழுந்த பாயில் அடுத்தவள் படுப்பாள். அதற்குக்கூட முறை எழுதியிருந்தது. வாரம் மாறி ஷிப்ட் மாறினால் அட்டையும் மாறும். ஆறு பேர், மூன்று பாய், ஒரு அடுப்பு, சண்டை கிடையாது. என் வீட்டில் மூன்று பேர்தான். அதிலேயே ஒரு நாளைக்கு நாலு சண்டை.

“யாருடி இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?”

“கம்பெனில எங்க லைன்ல இப்படித்தான்க்கா போர்டு இருக்கும். அதப் பாத்து நாங்களா போட்டுக்கிட்டோம்.” அவளுடைய லைனில் வேலை சொல்லிக்கொடுக்க வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் இருந்தாராம். கொரியாக்காரரோ, சீனாக்காரரோ, அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. அவர் போனில் தன் ஊர்ப் படம் காட்டினாராம். முப்பது மாடிக் கட்டடங்கள். தான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதே இடத்தில் நெல் வயல் இருந்தது என்றும், தன் அம்மாவும் முதலில் இப்படி ஒரு அறையில் எட்டுப் பேரோடுதான் இருந்தார் என்றும் சொன்னாராம். “எல்லா ஊரும் இப்படித்தான்க்கா பெருசாகியிருக்கு போல. யாரோ ஒருத்தி பாயச் சுருட்டிக்கிட்டு வந்துதான்” என்றாள். எவ்வளவு பெரிய விஷயத்தை வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்கிறாள்!

அன்றே காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எனக்கும் ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்தாள். காலை நாலரைக்கு, முதல் ஷிப்ட் கிளம்பும் முன். பதினொன்றரைக்கு, இரண்டாம் ஷிப்ட் கிளம்பும் முன். மாலை நாலு மணிக்கு, முதல் ஷிப்ட் திரும்பி, ராத்திரி ஷிப்ட் கண் விழிக்கும் நேரம். கரண்ட் தகராறு பண்ணி நேரம் மாறிப்போகும் நாட்களுக்கும் ஒரு வழி வைத்தாள். ஒவ்வொரு குழாயின் கீழும் ஒரு காலி எண்ணெய் டின்னைக் கவிழ்த்து வைப்பார்கள். தண்ணீர் விழுந்தால் டின் அலறும். தூங்குகிறவள் எழுந்து ஜன்னல் வழியாகச் சாவியை நீட்டுவாள். வால்வு திறக்க வந்திருக்கும் நான் அதை வாங்கிப் பூட்டைத் திறக்க வேண்டும்.

“நான் இன்னா உங்க வாட்ச்மேனா?” என்று கேட்டேன்.

“நீங்கதானக்கா எங்களுக்குத் தண்ணி தாறவுக” என்றாள். கூடவே ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டாள். எக்காரணம் கொண்டும் கதவைத் தட்டக் கூடாது. இடி விழுந்தாலும் தட்டமாட்டேன் என்றேன்.

அதற்கப்புறம் எத்தனை நாள் அந்த ஜன்னல்களிலிருந்து சாவி வாங்கியிருக்கிறேன்! ஊர் பேர் தெரியாத பெண், பாதித் தூக்கத்தில் கையை நீட்டித் தன் வீட்டுச் சாவியை என்னிடம் கொடுக்கிறாள். இருபது வருஷம் எதிர்வீட்டில் இருக்கிறவள்கூட என்னிடம் அப்படிக் கொடுத்ததில்லை. எனக்கு உள்ளூர ஒரே பெருமை.

பொங்கலுக்கு அவர்களெல்லாம் ஊருக்குப் போனார்கள். அதை யோசிக்காமல் நான் பழக்க தோஷத்தில் வழக்கம்போல் மோட்டாரைப் போட்டுவிட்டு வீட்டில் பொங்கல் பொங்கிக்கொண்டிருந்தேன். தொட்டி வழிந்து தெருவெல்லாம் ஆறு. ‘இன்னாம்மா, தொட்டிலயும் பொங்கல் வுட்டியா?’ என்று ஊரே கேலி பண்ணியது. அண்ணாந்து பார்த்தேன், இரும்பு அடியிலேயே நின்றது. நாலு நாளும் பழைய தெருக்களுக்காகக் கொஞ்சம் ஏறியதோடு சரி. அது ஏறாததைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. மூன்று வேளை தண்ணீர் விட்டால் ஒரு தொட்டி எப்படித் தாங்கும்? அடுத்த மழைக்காலம் முடியும் சமயத்தில் பழைய தெருவில் முணுமுணுப்பு ஆரம்பித்தது. பஞ்சாயத்து ஆபீசில் கூட்டம் போட்டார்கள். வாடகை வாங்குகிற என் கொழுந்தனே எழுந்து, “வந்தவளுங்களுக்கு மூணு வாட்டி, பொறந்து வளர்ந்த நமக்கு ஒரு வாட்டியா?” என்று கேட்டான். நான் சும்மா விடுவேனா, நானும் கத்தினேன். கடைசியில் முடிவு இது. இரண்டாவது தொட்டி கேட்டு எழுதியாயிற்று. இன்ஜினியர் வந்து பார்த்துத் தேவை என்று எழுதினால் தொட்டி வரும். தேவையில்லை என்று எழுதிவிட்டால் தை மாதத்தோடு பதினாறு அறையையும் காலி பண்ணச் சொல்லிவிட வேண்டியது.

தென்காசிப் பெண்ணிடம் நான்தான் சொன்னேன். அவள் அட்டையில் அடுத்த வாரத்துக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். பென்சில் நின்றது.

“குன்றத்தூர்ல ரூம் பாத்துக்கலாமேம்மா?” என்றேன்.

“அங்கேருந்து ஆறு மணி ஷிப்டுக்கு வர முடியாதுக்கா. கம்பெனி ஹாஸ்டல்லயும் இடமில்ல. ஊருக்குத்தான் போகணும். போனா அடுத்த முகூர்த்தத்துலயே தாலியக் கட்டி விட்டுருவாக. தபால்ல படிக்கிற பி.காம். முடிக்க எனக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு.” பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: “ஊர்ல ரேஷன் கார்டுல பேரு இருக்கு, ஆளு இல்ல. இங்க ஆளு இருக்கு, பேரு இல்ல. எதப் பாத்துக்கா அந்த சாரு எழுதுவாரு?”

எனக்கு என் பட்டியல் ஞாபகம் வந்தது. அவர் பார்க்கப்போவது அதைத்தான்; அதில் என் கையெழுத்தில் பூட்டிய வீடு, பூட்டிய வீடு என்று பதினாறு வரிகள் இருந்தன.

இன்ஜினியர் காலை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நல்ல நேரம்தான். பத்து மணிக்கு இரண்டாம் ஷிப்ட் பெண்கள் தெருவில் துணி துவைப்பார்கள், கொடி நிறைய யூனிபார்ம் காயும், பார்த்தால் திருவிழா மாதிரி இருக்கும். அன்று அவர்கள் தலைவாரிப் பூவெல்லாம் வைத்துக்கொண்டு தெருவில் நின்றார்கள். பத்தானது. பதினொன்று ஆனது. ஆளைக் காணோம். பன்னிரண்டரைக்குத் தென்காசிப் பெண், “லீவு போட்டுரட்டுமாக்கா?” என்று கேட்டாள். ஒருத்தி லீவு போட்டு என்ன ஆகப்போகிறது, நீ போ என்று நான்தான் அனுப்பினேன். கம்பெனி பஸ் வந்தது. எல்லாரும் வழக்கம்போல் வெளியே பூட்டைப் போட்டுவிட்டு, பஸ் ஜன்னலிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

இன்ஜினியர் வந்தபோது மணி ஒன்றரை. வேறொரு ஊரில் வேலை இழுத்துவிட்டதாம். வராதவரை வரச் சொல்லி வேண்டிக்கொண்டிருந்த நான், வந்தவரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். நாள் முழுவதிலும் அந்தத் தெருவில் ஒரு ஈ காக்கை இல்லாத நேரம் அது. முதல் ஷிப்ட் இன்னும் திரும்பவில்லை, இரண்டாம் ஷிப்ட் போய்விட்டது, ராத்திரி ஷிப்ட் உள்ளே தூங்குகிறது.

சின்ன வயசுக்காரர், மரியாதையானவர். பைக்கை நிறுத்திவிட்டுத் தெருவை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்தார். கையில் என் பட்டியலின் நகல்.

“எல்லாம் பூட்டியிருக்கேம்மா?”

“உள்ளார ஆளு கீது சார்.”

அவர் பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “வெளியே பூட்டிக்கிட்டு உள்ளே எப்படிம்மா ஆள் இருக்கும்? நீங்களே பூட்டிய வீடுன்னுதானே எழுதியிருக்கீங்க?”

“அது எனக்குப் புத்தி இல்லாத காலத்துல எழுதினது சார்.”

சிரித்துவிட்டார். ஆனால் பேனாவைத் திறந்தார். “நான் கண்ணால பாத்ததத்தான் எழுத முடியும். தப்பா எடுத்துக்காதீங்க. இங்க ரேஷன் கார்டும் ஒண்ணும் இல்ல. ஆள் இல்லாத தெருவுக்குத் தொட்டி கேட்டா மேல என்னைத்தான் கேப்பாங்க.”

அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. நான் செய்த அதே தப்பைத்தான் அவரும் செய்துகொண்டிருந்தார். ஜன்னல் வழியாகப் பாருங்கள் என்று சொல்ல வாய் வந்தது. பெண் பிள்ளைகள் தூங்குகிற அறை, எந்த ஆம்பளையை எட்டிப் பார்க்கச் சொல்வது? கதவைத் தட்டலாம். தட்டமாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருந்தேன். அந்தப் பிள்ளைகள் படுத்தே நாலு மணி நேரம்தான் ஆகியிருக்கும். அவர் முதல் வரியை எழுத ஆரம்பித்தார். என் கண்ணுக்கு எதிரே ‘பூட்டிய வீடு’ என்பதன் ‘பூ’ விழுந்தது.

“ஒரு நிமிஷம் சார்!” என்று கத்திக்கொண்டு ஓடினேன். ஐம்பத்து மூன்று வயசில் அப்படி ஓடியதில்லை. வால்வுக் குழிக்குப் போய் இரும்புச் சாவியைச் செருகித் திருகினேன். நாலு மணிக்காகப் பிடித்து வைத்திருந்த தண்ணீர் அது. போனால் போகட்டும். தூங்கவிட்டால் தெரு காலி, எழுப்பிவிட்டால் அன்று சாயங்காலம் என்னைத் திட்டுவார்கள், அவ்வளவுதானே.

குழாய்கள் ஒருமுறை இருமின. பிறகு தண்ணீர் விழுந்தது. தெரு முழுக்க டின்கள் அலறின. இன்ஜினியர் திடுக்கிட்டு ஒரு அடி பின்னால் போனார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை.  அப்புறம் மூன்றாவது அறை ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. வளையல் போட்ட கை, அதில் ஒரு சாவி. எதிர் வரிசையில் இன்னொரு கை. அதற்கடுத்து இன்னொன்று. பூட்டிய பதினாறு வீட்டு ஜன்னலிலிருந்தும் பதினாறு கைகள் சாவியோடு நீண்டன. “யக்கா, யக்கா” என்று தூக்கக் குரல்கள். நான் ஒரு கோடியிலிருந்து சாவியை வாங்கி, திறந்து, வாங்கி, திறந்து என்று ஓடினேன். கண்ணில் தண்ணீர் வந்து சாவித் துவாரம் தெரியவில்லை.

இன்ஜினியர் நின்ற இடத்துக்குப் பக்கத்து ஜன்னலிலும் ஒரு கை. அது நான் என்று நினைத்து, “சட்டுனு தொறங்கக்கா, தண்ணி நின்னுரப் போவுது” என்றது. அவர் பட்டியலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாவியை வாங்கினார். பூட்டைத் திறந்தார். உள்ளிருந்து கலைந்த தலையோடு இரண்டு பெண்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு அவரை இடித்துக்கொண்டே ஓடினார்கள். ஒருத்தி ஓடியபடியே “நன்றிண்ணே” என்றாள்.

ஐந்து நிமிஷத்தில் அந்தக் காலித் தெருவில் நிற்க இடமில்லை. அவர் எண்ண ஆரம்பித்தார், விட்டார், மறுபடி எண்ணினார். “இத்தனை பேரா?” என்றார்.

“இது மூணுல ஒரு பங்கு சார்” என்றேன். “மிச்ச ரெண்டு பங்கு வேலைக்குப் போயிகீது.”

அவர் குழாயடிக் கல்லில் உட்கார்ந்து, புதிதாக ஒரு தாளை எடுத்துப் பெண்களிடமே நீட்டினார். “நான் எழுதினா தப்பாயிடும். நீங்களே எழுதுங்கம்மா. உங்க பேரும், ரூம்ல இருக்கிற மத்தவங்க பேரும்.” ஈரக்கையிலிருந்து ஈரக்கைக்குத் தாள் போனது. முதலில் வாங்கிய பெண் நிமிர்ந்து, “ஊருன்னு போட்டிருக்கே சார், எந்த ஊரு போடணும்?” என்று கேட்டாள்.

“இருக்கிற ஊர்தாம்மா” என்றார் அவர்.

அவள் ஒரு கணம் யோசித்துவிட்டு எழுதினாள். அடுத்தவள் அதைப் பார்த்து எழுதினாள். பாதி அறைகளின் பெயர்கள்கூட முடியவில்லை, தாளில் இடம் தீர்ந்துவிட்டது. “இன்னொரு தாள் இருக்கா சார்?” என்று நாலைந்து குரல் ஒன்றாகக் கேட்டது. அவர் தன் டைரியிலிருந்து கிழித்துக் கொடுத்தார். நான் மேலே பார்த்தேன். தொட்டியின் இரும்பு விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தது. என் பார்வை போன திசையில் அவரும் அண்ணாந்து பார்த்தார். அது என்னவென்று கேட்டார். சொன்னேன். உச்சிக்குப் போகும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

தையில் யாரும் காலி பண்ணவில்லை. அடுத்த ஆடியில் ஏரிக்கரைப் பக்கம் இரண்டாவது தொட்டி எழும்பிவிட்டது. முதன்முதலாகத் தண்ணீர் ஏற்றும் நாளில் தென்காசிப் பெண்ணுக்கு வார லீவு. அவள்தான் சுவிட்ச் போட வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். பஞ்சாயத்தில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். மோட்டார் அறைச் சாவி என்னிடம்தானே இருக்கிறது.

சுவிட்சில் கையை வைத்தவள் சட்டென்று திரும்பினாள்.

“யக்கா, அன்னைக்கு நான் வேலைக்குப் போயிட்டேனே. அந்த சாரு வாங்குன தாள்ல என் பேரு இருக்கா?”

“இல்லாம? உன் ரூம் பொண்ணு கண்ணக் கசக்கிகினே எழுதினா. ரெண்டாவது தாள், மொத பேரு.”

“எந்த ஊருன்னு போட்டா?”

“நம்ம ஊருதான்டி” என்றேன். “எல்லாரும் நம்ம ஊருன்னுதான் போட்டாளுங்க.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவிட்சைப் போட்டாள். நாங்கள் இரண்டு பேரும் வெளியே வந்து, புதுத் தொட்டியின் இரும்பு முதல் கோட்டிலிருந்து மெதுவாக இறங்குவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.